பல்லும் பலவும்: கைபேசித் திரையில் தமிழ் எழுத்து

கரும்பலகையில் எழுதும்போது சில விஷயங்களை நாம் யோசிக்காமலே சரிசெய்துவிடுகிறோம். எழுத்து போதிய அளவு பெரிதாக இருக்கிறதா, கடைசி வரிசையில் இருக்கும் குழந்தைக்குத் தெரிகிறதா, சன்னல் வெளிச்சம் பட்டுப் பலகை மினுங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறோம். பி.எட். பயிற்சியில் கரும்பலகையைப் பயன்படுத்துவது ஒரு தனித் திறனாகவே நமக்குக் கற்பிக்கப்பட்டது. கைபேசித் திரையும் இன்று ஒரு பலகையாகிவிட்டது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இடம்பெற்றது. 2021இல் இல்லம் தேடிக் கல்வியும் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. வருகைப் பதிவு முதல் மதிப்பீடு வரை பலவும் செயலி வழியே நடக்கின்றன. ஆனால் திரையில் எழுத்தைக் காட்டுவதற்கு மட்டும் பயிற்சி என்று எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் உள்ள புதியம்புத்தூர் ஆயத்த ஆடை தைப்பதற்குப் பெயர் பெற்ற ஊர். இங்கே பல வீடுகளில் அம்மாவோ அப்பாவோ தையல் வேலைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பிய பிறகுதான் கைபேசி குழந்தையின் கைக்கு வரும். அது பெரும்பாலும் சிறிய திரை கொண்ட பழைய கைபேசி, சிலவற்றில் கண்ணாடியும் கீறியிருக்கும். நாம் புதிய கைபேசியிலோ கணினியிலோ பார்த்து அனுப்பும் வாசிப்புப் பகுதி அந்தத் திரையில் எப்படித் தெரியும் என்பது வேறு கதை. கைபேசியில் வாசிக்கத் திணறும் குழந்தையை வாசிப்பில் பின்தங்கியவர் என்று குறித்துக்கொள்ளும் முன், திரை அந்த எழுத்தைச் சரியாகக் காட்டியதா என்று பார்ப்பது நம் வேலை. அதற்கு வேண்டிய அளவு விவரங்களை இக்கட்டுரையில் தருகிறேன்.

எழுத்து அல்ல, எண்

கைபேசிக்கு ‘க’ என்ற எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கோர் எண் கொடுத்திருக்கும் பொது அட்டவணைக்கு ஒருங்குறி என்று பெயர். ஆங்கிலப் பெயரால் யூனிகோடு என்கிறோம். 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்கு உரியவை. அதில் அகரம் 2949, ககரம் 2965, மகரம் 2990. துணைக்காலுக்கு 3006, புள்ளிக்கு 3021.

247 எழுத்துகளுக்கு 128 இடம் எப்படிப் போதும் என்று கேட்கலாம். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கிடையாது. அகரம் ஏறிய மெய்க்கு ஓர் எண், உயிர்க்குறிக்கு ஓர் எண். ‘மா’ என்றால் 2990, 3006 என்ற இரண்டு எண்கள். ‘ம்’ என்றால் 2990, 3021. நாம் முதல் வகுப்பில் துணையெழுத்துகளைச் சொல்லித்தரும் முறையும் ஏறக்குறைய இதுதான்.

இந்தப் பொது அட்டவணை புழக்கத்துக்கு வரும் முன், ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் பொதுவான குறியேற்றங்களையும் அறிவித்தது. 2010இல் ஒருங்குறியை அரசின் தரமாக ஏற்றது. ஆனாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும் நம் பள்ளிக் கணினிகளில் இன்னும் இருக்கின்றன.

பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி உண்மையில் சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளைத்தான். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுகிறது. அதே வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், அங்கே பாமினி இல்லாததால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரிகிறது. கைபேசி கெட்டுப்போனது என்று பெற்றோர் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் பழைய கோப்பை இட்டு ஒருங்குறியாக மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். மாற்றியபின் ஒருமுறை முழுதும் வாசித்துச் சரிபார்ப்பது நல்லது.

எண்ணுக்குச் சட்டை

எண் ஒன்றுதான், அதற்குப் போடும் சட்டை பல. அந்தச் சட்டைதான் எழுத்துரு. நம் ஊரில் ஒரே அளவுக்குப் பல மாதிரி சட்டை தைப்பதுபோல, ஒரே எண்ணுக்குப் பல வடிவம் வரையலாம். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சான நூல்களைப் பாருங்கள். ‘னை’, ‘லை’ முதலியவை யானைத் துதிக்கை போன்ற வளைவோடு இருக்கும். ஒருங்குறியில் ‘னை’ என்பது னகரம், ஐகாரக்குறி என்ற இரண்டு எண்கள், அவ்வளவே. அதைத் துதிக்கையோடு காட்டுவதா, இணைக்கொம்போடு காட்டுவதா என்பதை எழுத்துருதான் முடிவு செய்கிறது.

எண் வந்து, அதற்கான வடிவம் எந்த எழுத்துருவிலும் இல்லையென்றால் திரையில் வெற்றுக் கட்டம் தோன்றும். அந்தக் கட்டங்களைக் கணினித் துறையினர் ‘டோஃபு’ என்று கேலியாக அழைப்பார்கள். கூகுள் உருவாக்கிய நோட்டோ எழுத்துருக் குடும்பத்தின் பெயரே ‘டோஃபு வேண்டாம்’ என்பதிலிருந்து வந்ததுதான். இன்றைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருப்பதால் கட்டங்கள் அரிதாகிவிட்டன.

எண்ணும் எழுத்துருவும் இருந்தால் மட்டும் போதாது, கோப்பதற்கும் ஒருவர் வேண்டும். ‘கொ’ என்பதில் ககரத்துக்கு அடுத்து ஒகரக்குறி என்ற ஒரே எண்தான் இருக்கிறது. ஆனால் திரையில் அது இரண்டாகப் பிரிந்து ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் நிற்க வேண்டும். இந்தக் கோக்கும் வேலையைச் செய்ய ஒரு தனி மென்பொருள் உண்டு. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் ஹார்ஃப்பஸ்.

துணையெழுத்துகளைத் தனியே காட்டும் பயிற்சித் தாள் தயாரிக்கும்போது, கொம்புக்கோ துணைக்காலுக்கோ பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் தானாகத் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். குறி ஏறுவதற்கு மெய்யெழுத்து இல்லாததால் கோக்கும் மென்பொருள் போடும் இடக்குறி அது. அதைப் பார்த்துக் குழந்தை தன் ஏட்டிலும் வட்டம் போட்டால் வியப்பில்லை. ‘இந்த வட்டம் எழுத்து இல்லை, எழுத்து உட்காரும் இடம்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

கொக்குக்கு எத்தனை எழுத்து?

‘கொக்கு’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் நம் மூன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். கொ, க், கு. பல செயலிகள் ஆறு என்று சொல்லும். 2965, 3018, 2965, 3021, 2965, 3009 என்று அவை எண்களை எண்ணுகின்றன. ‘அம்மா’வுக்கு மூன்றுக்குப் பதில் ஐந்து வரும்.

சொல் விளையாட்டு, குறுக்கெழுத்து, எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லும் பயிற்சி ஆகியவற்றில் இது பெரிய தொல்லை. தமிழை அறியாத ஒரு செயலி ‘கொக்கு’ என்பதைக் கலைத்தால் புள்ளி ஒரு பக்கம், உகரக்குறி ஒரு பக்கம் என்று சிதறும். குழந்தை என்னதான் செய்யும்? ஒரு செயலியை வகுப்புக்குத் தேர்ந்தெடுக்கும் முன் ‘கொக்கு’ என்ற ஒரு சொல்லை அதில் இட்டுப் பாருங்கள். மூன்று கட்டம் வந்தால் அது தமிழ் தெரிந்த செயலி. நிரல் எழுதத் தெரிந்த ஆசிரியர்களுக்கு, தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

பார்வைக்கு ஒன்றாக இருந்து எண்ணில் வேறுபடும் எழுத்துகளும் உண்டு. நம் கரிசல் காட்டில் திரியும் கௌதாரியை எடுத்துக்கொள்வோம். ‘கௌ’ என்பதை ககரம், ஔகாரக்குறி என இரண்டு எண்ணாலும் எழுதலாம். ‘கெ’ எழுதிப் பக்கத்தில் ளகரத்தைப் போட்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. விடைக்குறிப்பில் ஒரு வகையாகவும் குழந்தை அடித்தது மற்றொரு வகையாகவும் இருந்தால், செயலி ‘தவறு’ என்று சிவப்புக் குறி போடும். அந்தத் தவறு குழந்தையுடையது அல்ல. செயலியில் தவறு என்று வந்த விடைகளை ஒருமுறை கண்ணால் பார்க்கும் வழக்கத்தை நாம் கைவிடக்கூடாது.

புள்ளி போனால் பொருள் போகும்

எண் சரி, எழுத்துருவும் சரி. இருந்தும் திரையில் எழுத்து கெடுவதற்கு இன்னொரு வழி இருக்கிறது. எழுத்தை வைக்கும் பெட்டியின் உயரம் குறைவாக இருந்தால் தலை வெட்டுப்படும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த பெட்டிகளில் இது அடிக்கடி நேர்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தின் உச்சி ஒரு நூல் வெட்டுப்பட்டாலும் பெரும்பாலும் வாசித்துவிடலாம். தமிழில் உச்சியில்தான் புள்ளி இருக்கிறது.

‘பல்’ என்ற சொல்லின் புள்ளி வெட்டுப்பட்டால் ‘பல’ ஆகிவிடும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகும். இகர ஈகார வேற்றுமையும் மேல்சுழியில்தான் இருக்கிறது. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரிப்பது ஒரு சிறு சுழிதான். அது மங்கினால் ‘கொடி’யும் ‘கோடி’யும் ஒன்றாகும். பெரியவர்கள் நாம் இடம்பார்த்து ஊகித்து வாசித்துவிடுகிறோம். எழுத்தைக் கூட்டி வாசிக்கும் குழந்தை திரையில் இருப்பதை அப்படியே வாசிக்கிறது. திரையில் ‘பல’ என்றிருந்து குழந்தையும் ‘பல’ என்று வாசித்தால், அந்தக் குழந்தை சரியாகத்தான் வாசித்திருக்கிறது.

எழுத்து மிகச் சிறிதாக இருந்தாலும் இதே தொல்லைதான். இரண்டு சுழியும் மூன்று சுழியும் கலங்கி ‘பனி’யும் ‘பணி’யும், ‘மனம்’ என்பதும் ‘மணம்’ என்பதும் மயங்கும். ணகர னகர வேறுபாட்டை நாள் முழுதும் சொல்லித்தந்துவிட்டு, வீட்டில் பார்க்கச் சொல்லும் திரையில் அந்த வேறுபாடே தெரியாமல் இருந்தால் நம் உழைப்பு வீண்.

எவ்வளவு பெரிது?

ஆண்ட்ராய்டில் எழுத்தின் அளவை ‘எஸ்பி’ என்ற அலகில் சொல்வார்கள். கைபேசியின் இயல்பான அமைப்பில் 160 எஸ்பி ஏறக்குறைய ஓர் அங்குலம். பொதுவாக வாசிக்கும் பகுதிக்கு 16 எஸ்பி வைப்பார்கள். அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, சுமார் இரண்டரை மில்லிமீட்டர். மேல்குறியும் கீழ்ச்சுழியும் இந்த அளவுக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால், தமிழில் எழுத்தின் உடல் இன்னும் சிறிதாகிவிடும். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு நான் 24க்குக் குறைவாக வைப்பதில்லை. மேல்வகுப்புகளுக்கு 18 முதல் 20 வரை வைக்கிறேன்.

இந்த அலகில் இன்னொரு வசதி இருக்கிறது. கைபேசியின் அமைப்புகளுக்குள் போய் எழுத்தளவைப் பெரிதாக்கினால், எஸ்பியில் வைத்த எழுத்துகள் எல்லாம் சேர்ந்து பெரிதாகும். பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்கும் கண்ணாடி போட்ட தாத்தாவுக்கும் இது பெரிய உதவி. இதைப் பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம்.

எழுத்து பெரிதாகும்போது வரி உடையும். ‘கற்றுக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரே சொல்லில் 13 எழுத்துகள். சிறிய திரையில் அது ஒரு வரியில் அடங்காமல் நடுவில் உடைந்து, ‘கற்றுக்கொண்டிருந்தா’ ஒரு வரியிலும் ‘ர்கள்’ அடுத்த வரியிலும் நிற்கும். புதிதாக வாசிக்கும் குழந்தைக்கு அது இரண்டு சொல். ஆகவே சிறு வகுப்புகளுக்கு எழுதும்போது சிறிய சொற்களைத் தேர்வது பாடத்துக்கும் நல்லது, திரைக்கும் நல்லது. இரு ஓரமும் சமமாக வரும்படி வரிகளை இழுத்து நிரப்பினால் சொற்களுக்கிடையில் ஓடை ஓடும். இடப்பக்கம் மட்டும் சீராக வைத்தால் போதும். வரிக்கு வரி தாராளமாக இடம் விட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் மோதாது.

நிறமும் அப்படியே. வெள்ளையில் மஞ்சள், பச்சையில் சிவப்பு என்று அலங்காரமாக அனுப்பினால் நம் ஊர் வெயிலில் எதுவும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்று இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்ற அணுகல் விதி. வெள்ளையில் கருப்புக்கு இது 21க்கு 1. சந்தேகம் வந்தால் கருப்பு எழுத்தையே வையுங்கள்.

படமா, எழுத்தா?

வாசிப்புப் பகுதியை அழகான படமாக்கி அனுப்புவது நம்மிடையே பரவலான வழக்கம். படத்தில் எழுத்து கெடாது என்பது உண்மைதான். ஆனால் படமாகிவிட்ட எழுத்து கைபேசிக்கு எழுத்தே அல்ல. அதைப் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு வெளியே போகும், குழந்தை இடமும் வலமும் தள்ளித் தள்ளி வாசிக்க வேண்டும். பார்வையற்ற மாணவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் போன்ற வசதிக்குப் படத்தில் உள்ள எழுத்து பெரும்பாலும் எட்டாது. தரவும் அதிகம் செலவாகும். ஒருங்குறி எழுத்தாக அனுப்பினால் தமிழில் ஓர் எண்ணுக்கு மூன்று பைட்டு, ‘அம்மா’வுக்கு 15 பைட்டு. ஒரு பக்கக் கதை முழுதும் சில கிலோபைட்டுக்குள் அடங்கும். அதே பக்கத்தைப் படமாக அனுப்பினால் நூறு கிலோபைட்டைத் தாண்டுவது சாதாரணம். சிக்னல் கிடைக்காத கரிசல் காட்டு ஊர்களில் இந்த வேறுபாடு பெரிது.

எழுத்தை எழுத்தாகவே வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்குக் கூகுளின் ரீட் அலாங் செயலி நல்ல எடுத்துக்காட்டு. 2019இல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமான இது, 2020இல் தமிழ் உள்ளிட்ட மொழிகளோடு ரீட் அலாங் ஆனது. 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்கள் வழியாக நடந்த வாசிப்பு மாரத்தானில் நம் குழந்தைகள் இதைப் பயன்படுத்தினார்கள். கதை திரையில் வரும், குழந்தை வாய்விட்டு வாசிக்கும். வாசித்த சொல்லைச் செயலி கேட்டு, திரையில் உள்ள சொல்லோடு ஒப்பிட்டுக் குறிக்கும். தெரியாத சொல்லைத் தொட்டால் அது ஒலிக்கும். கதை வெறும் படமாக இருந்திருந்தால் எந்தச் சொல்லைத் தொட்டோம் என்பதே செயலிக்குத் தெரிந்திருக்காது. எனவே படம் வேண்டிய இடத்தில் படம் வைப்போம், வாசிக்க வேண்டியதை எழுத்தாகவே தருவோம்.

நாமே ஒரு செயலி

இதையெல்லாம் புரிந்துகொள்ள எளிய வழி, எழுத்தைக் காட்டும் சிறு செயலி ஒன்றை நாமே செய்து பார்ப்பது. எம்ஐடி ஆப் இன்வென்டர் இதற்கு ஏற்றது. 2010இல் கூகுள் தொடங்கி, பின்னர் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனம் ஏற்று நடத்தும் இலவசத் தளம் இது. நிரல் எழுத வேண்டாம், கட்டைகளை அடுக்குவதுபோல் அடுக்கினால் போதும். உயர்நிலை வகுப்பு மாணவர்களும் விரைவில் பழகிக்கொள்வார்கள்.

திரையில் எழுத்தைக் காட்டும் உறுப்புக்கு அங்கே ‘லேபிள்’ என்று பெயர். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டி லேபிள் தெரியும் என்பதால் விளக்குவது எளிது. ஒன்றுதான் வேறுபாடு. தீப்பெட்டி லேபிளின் அளவு மாறாது, செயலியின் லேபிள் உள்ளிருக்கும் எழுத்துக்கு ஏற்ப வளர வேண்டும். இழுத்து வந்து திரையில் வைத்ததும் அதன் எழுத்துப் பகுதியில் ‘பல் துலக்குவோம்’ என்று தமிழில் அடியுங்கள். எழுத்தளவை 24 ஆக்குங்கள். அகலத்தைத் திரை முழுதும் நிரம்பும்படி வையுங்கள். உயரத்துக்கு எண் கொடுக்காமல் ‘தானியங்கு’ என்றே விடுங்கள். பிறகு கம்பேனியன் என்ற துணைச் செயலியைக் கைபேசியில் நிறுவி, க்யூஆர் குறியீட்டைக் காட்டினால் செய்தது உடனே கைபேசியில் தெரியும்.

இப்போது வேண்டுமென்றே உயரத்தைக் குறைத்துப் பாருங்கள். ஓர் அளவுக்கு மேல் எழுத்து வெட்டுப்படுவதும் ‘பல்’ என்ற சொல்லின் உருவம் குலைவதும் கண்முன்னே தெரியும். மாணவர்களிடம் ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்டால், புள்ளியின் பயன் என்ன என்ற இலக்கணப் பாடமும் அதோடு நடந்துவிடும். அடுத்து ஒரு பொத்தானைச் சேர்த்து, அழுத்தினால் லேபிளில் அடுத்த சொல் வரும்படி செய்யலாம். கைபேசியில் தமிழ்க் குரல் இருந்தால் அந்தச் சொல்லை ஒலிக்கவும் வைக்கலாம். இருபது சொற்களைக் கொண்ட வாசிப்புப் பயிற்சி ஒன்று தயார்.

அனுப்பும் முன்

வாசிப்புப் பகுதி எதையும் மாணவர் கைபேசிக்கு அனுப்பும் முன் நான் பார்ப்பவை இவை:

1. எழுத்து ஒருங்குறியில் இருக்கிறதா? ஒரு சொல்லை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் தெரிந்துவிடும்.

2. புள்ளி, மேல்சுழி, கீழ்ச்சுழி எதுவும் வெட்டுப்படாமல் இருக்கிறதா? ‘பல்’, ‘கீரி’, ‘பூளை’ போன்ற சொற்களில் பார்த்தால் போதும்.

3. கைபேசியின் எழுத்தளவைப் பெரிதாக்கிய பின்னும் வரிகள் திரைக்குள் அடங்குகின்றனவா?

4. வெயிலில் நின்று பார்த்தால் எழுத்து தெரிகிறதா?

5. வகுப்பில் உள்ளவற்றிலேயே மிகச் சிறிய, மிகப் பழைய கைபேசியில் இது எப்படித் தெரிகிறது?

ஐந்தாவதுதான் முக்கியம். என் மேசையில் இருக்கும் கைபேசியில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். மாலையில் தையல் முடித்து வரும் ஒரு பெற்றோரிடம் ஒரு நிமிடம் அவரது கைபேசியைக் கேட்டுப் பாருங்கள். நாம் அனுப்பிய பாடத்தை அதில் திறந்து, குழந்தையோடு சேர்ந்து ஒரு பத்தியை வாசியுங்கள். எங்கே குழந்தை நிற்கிறது, எங்கே எழுத்து தடுக்கிறது என்பது இரண்டும் தனித்தனியே தெரியும். எழுத்து தடுக்கும் இடத்தை நாம் திருத்திவிட்டால், மீதி நேரத்தைக் குழந்தை நிற்கும் இடத்துக்குக் கொடுக்கலாம்.